14. வெள்ளிக்கிழமை வந்த குரல்

ஆரோக்கியசாமி டீயைத் தொடவில்லை. பாலாடை படிந்து, சுருங்கி, டம்ளரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் கம்ப்யூட்டர் திரையை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமைக் காலைகளில் கணவரின் முதுகைப் பார்த்தே செல்வமேரிக்கு எல்லாம் தெரிந்துவிடும். வாசகர்கள் பாராட்டி எழுதியிருந்தால் தோள் இரண்டும் லேசாக ஆடும். யாராவது சண்டைக்கு வந்திருந்தால் விரல்கள் மேசையில் தாளம் போடும். இன்று இரண்டும் இல்லை. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி அந்த முதுகு சும்மா இருந்தது.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றாள். பின்னாலிருந்து கேட்டால் அவருக்குக் கேட்காது என்பது பிறகுதான் நினைவு வந்தது. மேசையைச் சுற்றி முன்னால் வந்து, உதடு தெரியும்படி நின்று மறுபடி கேட்டாள்.

"நீயே பாரு." திரையைத் திருப்பினார்.

ஷில்லாங்கிலிருந்து ஒருவர், 'நாம் இருவரும் ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டோமா?' என்று கேட்டிருந்தார். பெங்களூர்க்காரர் ஒருவர், 'உங்கள் சைட் பி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். இன்று ஏமாந்தேன்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, சிரிக்கும் மஞ்சள் முகங்களோடு, பெயர் போடாத ஒருவன்: 'சாமி அங்கிளுக்குக் காது போய்விட்டதா?'

விளையாட்டுக்குத்தான் எழுதியிருந்தான். பாட்டைப் பொறுத்தவரை அது உண்மை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இருவரும், மராத்தி பேசும் ஊரின் விஷ்ராந்த்வாடிப் பகுதியில், இந்தச் சின்ன ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

பழைய ராக் பாடகர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், யாருடைய புது ஆல்பம் எப்போது வருகிறது, யார் மேடையை விட்டுப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று தேடித் திரியும் ரசிகர்களுக்காக ஆரோக்கியசாமி நடத்துவது சைட் பி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்டோன்மென்ட் நண்பர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்த ஒற்றைத் தாள், இன்று இணையத்தில் ஒரு பக்கம். புதுப் பாட்டுகள் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியாகும். பாட்டுக் கம்பெனிகள் சைட் பி-க்குச் சில நாள் முன்பே அனுப்பிவிடும். வியாழக்கிழமை கேட்பார், எழுதுவார். வெள்ளி விடியும்போது பக்கம் வெளிவரும்.

கேட்பார் என்பது போன வருஷம்வரை உண்மையாக இருந்தது.

வயதும் ஃபாக்டரி பிரஸ் மெஷின்களின் சத்தமும் சேர்ந்து அவர் காதை மெல்ல மெல்ல அரித்தன. ஒரு காய்ச்சல் மிச்சத்தையும் கொண்டுபோய்விட்டது. மகள் ஸ்டெல்லா ஆசையாக வாங்கிக்கொடுத்த காது மெஷின், முன்னால் நின்று பேசுகிறவர்களின் பேச்சை ஓரளவு பிடித்துக்கொடுக்கும். பாட்டென்றால் அதற்கு ஆகாது. "தகர டின்னுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு மேரி" என்று ஒருநாள் அவளிடம் மட்டும் சொன்னார். மகள் மனம் நோகும் என்று மகளிடம் சொல்லவில்லை. வாசகர்களிடம் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் கேட்பது செல்வமேரி.

கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள்தான். ஆனால் இந்தப் பாட்டு வேறு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்காருவாள். தாளத்தை அவர் உள்ளங்கையில் தட்டிக் காட்டுவாள். அவர் கிட்டாரை மடியில் வைத்து, தாடையை மரத்தில் அழுத்திக்கொண்டு, ஒரு சுரத்தை மீட்டுவார். அவள் கையை உயர்த்துவாள். இன்னும் மேலே. இன்னும் கொஞ்சம். அதுதான். இப்படிக் கம்பி கம்பியாக ஒரு பாட்டு அவருக்குள் போய்ச் சேரும்.

நேற்றும் அப்படித்தான் நடந்தது. டெஸ்மண்ட் கார்விக்கின் புது ஆல்பம். கார்விக்குக்கு எண்பது நெருங்குகிறது. இனிப் பாட மாட்டார் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு வந்திருக்கிறது. ஆரோக்கியசாமி இளைஞராக இருந்தபோது அந்தக் குரலைப் போலப் பாட முயன்று தொண்டை கட்டிக்கொண்டவர்.

"குரல் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்ததை அவள் பார்த்தாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். அவர் அதையே தலைப்பாக்கினார்: 'காலம் தொடாத குரல்'.

"அப்பா!" என்று அறையிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். தோளில் பை, ஈரத் தலை, கழுத்தில் கம்பெனி அட்டை. செல்வமேரி சட்டென்று திரையை மறைத்து நின்றாள்.

"அரே, என்ன ரெண்டு பேரும் சாவு வீடு மாதிரி? அப்பா, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. நான் ஒண்ணு பண்ணேன். உங்ககிட்ட சொல்லல, பக்கா சர்ப்ரைஸ்." போனை அவர் கண் முன்னால் நீட்டினாள். "கார்விக் ஆபீஸுக்கு மெயில் போட்டேன். ஹான், சரின்னு சொல்லிட்டாங்க! அடுத்த வியாழக்கிழமை வீடியோல அவரு உங்ககூட பேசுறாரு. உங்ககூட, அப்பா! நான் ரெக்கார்ட் பண்ணி சைட் பி-ல போடுறேன்."

ஆரோக்கியசாமி மின்னஞ்சலைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"அந்தாளு பேச்சை முழுங்கி முழுங்கிப் பேசுவாம்மா" என்றார் மெதுவாக.

"அதான் மெஷின் இருக்குல்ல? சலோ, கேப் வந்துடுச்சு. ஹிஞ்சேவாடி ரோட்டுல இன்னைக்கும் ஜாம்தான்." குனிந்து அவர் நெற்றியில் முத்தம் வைத்தாள். "குஷி தானே?"

"ரொம்ப" என்றார்.

கதவு மூடியதும் அவர் காது மெஷினைக் கழற்றி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் தன்னிடம் பேச வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். செல்வமேரி ஆறிய டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தங்கராஜ் வந்தார். வானவடியிலிருந்து ஸ்கூட்டரில், கையில் பாக்கர்வடி பலகாரப் பொட்டலத்தோடு. அந்தக் காலத்து கன்டோன்மென்ட் நண்பர்களின் பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். சைட் பி-யின் முதல் தாளை நகலெடுக்க மெஷின் கைப்பிடியைச் சுற்றியவரும் அவர்தான்.

"ஏலேய் சாமி! உனக்கு என்னலே ஆச்சு? கம்பெனிக்காரன் குப்பி வாங்கிக் குடுத்தானா?"

ஆரோக்கியசாமி அவசரமாக மெஷினை மாட்டிக்கொண்டார். "வந்த உடனே ஆரம்பிக்காதே. உக்காரு."

"உக்காரதுக்கா ஸ்கூட்டர்ல இம்புட்டு தூரம் வந்தேன்? எல்லாரும் கீழ எழுதுதானுவ. நான் எழுதல. நேருல வந்து கேக்கணும்னு வந்தேன். மதினி, நீங்களே சொல்லுங்க. காலம் தொடாத குரலாம்! காலம் தொட்டுச்சு, புடிச்சு உலுக்கிப் போட்டிருக்கு. உனக்கு அது தெரியலன்னா யாருக்கு தெரியும்?"

செல்வமேரி தட்டில் பாக்கர்வடியைக் கொட்டினாள். இரண்டு தட்டைத் தாண்டித் தரையில் உருண்டன.

"எனக்கு அப்படித்தான் பட்டுச்சு" என்றார் ஆரோக்கியசாமி.

"பட்டுச்சா? சரி. இப்ப கேப்போம், சேந்து கேப்போம். பழைய மாதிரி." தங்கராஜ் போனை மேசை மேல் வைத்துத் தட்டினார். ஒலியைக் கூட்டினார்.

ஆரோக்கியசாமி பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். இளம் வயதிலிருந்து பழக்கம். இப்போதும் மூடினார். வலது உள்ளங்கையை மேசைப் பலகையில் விரித்து வைத்தார். அதிர்வு கைக்கு வந்ததும் தலையை மெல்ல ஆட்டினார்.

போனிலிருந்து வந்தது பாட்டு இல்லை. காசு கட்டாமல் கேட்கிறவர்களுக்கு முதலில் வரும் விளம்பரம். கல்யாண சீசனுக்குத் தங்கம் வாங்க வரச் சொல்லி ஒரு பெண் மராத்தியில் கொஞ்சிக் கொஞ்சி அழைத்தாள். பின்னால் டோல்கி மேளம் அதிர்ந்தது.

"கேளு" என்றார் ஆரோக்கியசாமி, கண்ணைத் திறக்காமல். "அந்த மூச்சை எங்க நிறுத்துதான்னு கேளு. அந்த வயசுல எவனுக்கு வரும்?"

தங்கராஜ் சிரித்தார். நண்பன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஆரோக்கியசாமியின் விரல்கள் டோல்கிக்குச் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முகத்தில் மன்றாட்டு நேரத்து அமைதி.

செல்வமேரி அவர் கண்ணைத் திறக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். திறந்தால் ஜாடை காட்டலாம். தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. அப்படித் தொட்டால் தங்கராஜுக்குத் தெரிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. அதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பதை மனசு ஏற்கவில்லை.

விளம்பரம் முடிந்து பாட்டு தொடங்குவதற்குள் தங்கராஜ் போனை அணைத்தார்.

அதிர்வு நின்றதும் ஆரோக்கியசாமி கண்ணைத் திறந்தார். நண்பனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்னலே, அதுக்குள்ள நிறுத்திட்டே?"

"போதும் சாமி." தங்கராஜின் குரல் இறங்கியிருந்தது. பிறகு நினைவு வந்தவராக, முகத்தை நேரே வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வெயில்ல வந்து காது அடைச்சுப் போச்சு."

சாப்பிடாமலே எழுந்தார். மாடிப்படி வரைக்கும் செல்வமேரி கூட வந்தாள்.

"எம்புட்டு நாளா மதினி?"

"போன வருஷத்துக் காய்ச்சலுக்கு அப்புறம்."

"அப்ப ஒவ்வொரு வாரமும் கேக்குறது?"

"நான். உள்ளங்கையில தாளத்தைத் தட்டிக் காட்டுவேன்."

"குரல் அப்படியே இருக்குன்னு சொன்னது?"

அவள் கைப்பிடிச் சுவரில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். தங்கராஜ் ஒரு படி இறங்கித் திரும்பினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. டிரம்ஸ் வாசிச்ச கையி இது. அவன் உள்ளங்கையில நான் தட்டியிருக்க மாட்டனா?" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கூட்டர் ஆளந்தி ரோட்டில் கலந்து மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அவருக்காகச் சொன்ன பொய் என்றுதான் நேற்று நினைத்தாள். இப்போது படியில் தனியாக நிற்கும்போது அது முழு உண்மையில்லை என்று தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இசை அவளுக்கு ஒரு பூட்டிய அறை. அவர் உள்ளே போவார், கதவு சாத்திக்கொள்ளும். வெளியில் அவள் சமைப்பாள், துவைப்பாள், பிள்ளையை வளர்ப்பாள். இந்த ஒரு வருஷமாகத்தான் அந்த அறைக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. கார்விக்கின் குரல் விழுந்துவிட்டது என்று சொன்னால் அவர் எல்லாவற்றையும் மூடிவைத்துவிடுவாரோ என்று பயந்திருக்கிறாள். அவருடைய பாட்டு போய்விடும் என்ற பயம் பாதி. தன்னுடைய வியாழக்கிழமை போய்விடும் என்ற பயம் மீதி. இரண்டில் எது பெரியது என்று அவளால் இப்போதும் சொல்ல முடியவில்லை.

உள்ளே வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

"என்ன ஓடிச்சு அவன் போன்ல?"

"விளம்பரம்."

"என்ன விளம்பரம்?"

"நகைக்கடை."

சற்று யோசித்தார். "தாளம் சரியாப் போட்டேனா?"

"போட்டீய."

அவர் உதட்டோரம் துடித்தது. சிரிக்கப் போகிறார் என்று அவளும் சிரிக்கத் தயாரானாள். அவர் சிரிக்கவில்லை.

"குரல் எப்படி இருக்கு மேரி?"

நேற்றுக் கேட்ட அதே கேள்வி. அதே சொற்கள்.

"உடைஞ்சிருக்கு" என்றாள். "மேல போகப் பாக்குது, போக முடியல. பாதியில நின்னுருது. ரெண்டாவது பாட்டுல ஓர் இடத்துல பாடல, பேசுதாரு. மூச்சு வாங்குறது கூட கேக்குது."

"நேத்து ஏன் சொல்லல?"

"உங்க முகத்தைப் பாத்தேன். சொல்ல வரல."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றால் அவள் பேச முடியாது. அது தெரிந்தேதான் நின்றார். கீழே ரிக்ஷாக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. திரும்பாமலே பேசினார்.

"எனக்கு நீ பொய் சொன்னது பெருசில்ல. நீ என்ன செய்வே, என் முகம் அப்படி இருந்திருக்கும். நான் அவனுக்குச் செஞ்சதைத்தான் பாக்கேன். இந்த வயசுல ஒருத்தன் உடைஞ்ச குரலை மூடி மறைக்காம, மெஷின்ல போட்டுச் சரி பண்ணாம, இதுதான் நான்னு கொண்டாந்து வைக்கான். எம்புட்டு தைரியம் வேணும்? நான் காலம் தொடலைன்னு எழுதி அதைத் துடைச்சு விட்டுட்டேன். அவன் மறைக்காததை நான் மறைச்சிட்டேன்."

திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"நான் மட்டும் மறைச்சுக்கிட்டே இருக்கேன். இந்த ஒரு வருஷமா."

செல்வமேரி மேசைக்குப் போய் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவர் தயங்கி, கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது பாட்டு. அவள் அவருடைய உள்ளங்கையில் தட்டினாள். அவர் தாடையை மரத்தில் வைத்து மீட்டினார். அவள் கை உயர்ந்தது. இன்னும் மேலே. பிறகு கை நடுவில் நின்று, ஒரு பக்கமாகச் சரிந்து, மடியில் விழுந்தது. அந்த இடத்தில் அவர் கம்பியைத் தொடாமல் காத்திருந்தார். அவள் கை எழவில்லை. அப்போதும் அவர் காத்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பழைய பொய் போல எளிதாக ஒரு சொல் வரவில்லை.

"பெரிய வியாழன் பூசைக்கு அப்புறம் கோயில்ல மணி அடிக்க மாட்டாங்கல்லா" என்றாள். "மறுநாள், ஆண்டவர் மரிச்ச பெரிய வெள்ளிக்கும் அடிக்க மாட்டாங்க. மணிக்குப் பதிலா மரக்கட்டையைத் தட்டுவாங்க. டொக்கு டொக்குன்னு. காதுக்கு நல்லாவே இருக்காது."

"ஆமா."

"அது மாதிரி இருக்கு. மணி இல்ல. ஆனா அதைக் கேட்டும் நாம முழங்கால் போடுதோம்லா?"

ஆரோக்கியசாமி அவளையே பார்த்தார். காதில் விழாதது ஏதாவது இருக்கிறதா என்று உதட்டைத் தேடும் பார்வை இல்லை அது. கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

வெயில் சாயும்வரை எழுதினார். எழுதியது கொஞ்சம்தான், அழித்தது நிறைய. அவள் அரிசி களைந்தாள், துணி மடித்தாள், எட்டிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிட்டபோதுதான் வந்தாள். பக்கம் ஏற்கெனவே வெளியாகியிருந்தது.

காலையில் வெளிவந்தது தவறு என்று முதல் வரி சொன்னது. கார்விக்கின் குரல் உடைந்திருக்கிறது. அந்த உடைசலோடு கேளுங்கள். மணி நிறுத்தப்பட்ட நாட்களில் தட்டுகிற மரக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சில வரிகள். தனக்கு ஒரு வருஷமாக இசை கேட்பதில்லை என்பது ஒரே வரியில், விளக்கம் இல்லாமல் இருந்தது. கடைசியில்:

'கேட்டவர்: செல்வமேரி. எழுதியவர்: ஆரோக்கியசாமி.'

"எம் பேரை எதுக்குப் போட்டீய?" அவளுக்குக் குரல் எழும்பவில்லை. உதடு அசைந்ததே போதுமாக இருந்தது அவருக்கு.

"கேட்டது நீதானே? இந்த ஒரு வருஷத்தைத் தவிர சைட் பி-ல யார் பேரையும் மாத்திப் போட்டதில்ல. இனிமே அந்த 'அப்படியே இருக்கு' எல்லாம் வேண்டாம் மேரி. எது காதுல விழுதோ அதைச் சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் தலையசைத்தாள்.

அவளுடைய போன் அடித்தது. அவர் கிட்டாரின் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. திரையில் ஸ்டெல்லாவின் படம்.

"அம்மா." பின்னால் ஆபீஸ் இரைச்சல். "படிச்சேன்."

"கண்ணு, உங்கிட்ட முதல்ல சொல்லணும்னுதான்..."

"நோ, சுனோ, முதல்ல கேளுங்கம்மா. அதெல்லாம் அப்புறம். இன்டர்வியூ பத்தியும் அப்புறம் பேசலாம்." ஸ்டெல்லா நிறுத்தினாள். யாரோ கடந்து போகும்வரை காத்திருப்பது போலிருந்தது. பிறகு சின்னக் குரலில், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்ட நாட்களின் குரலில் கேட்டாள். "அப்பாவுக்கு என் குரல் கேக்குதா? நான் பேசினா, அது நான்தான்னு தெரியுதா?"

ஒரு வருஷ வியாழக்கிழமைகளில் செல்வமேரி எத்தனையோ அந்நியர்களின் குரல்களை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக் குரல்கள் அவருக்கு எப்படி வந்து சேர்கின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன் குரலைப் பற்றியும் கேட்டதில்லை. கேட்கப் பயந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்துத் துணியைக் கீழே வைத்தார்.

"யாரு, ஸ்டெல்லாவா? என்ன சொல்லுதா?"

சீக்கிரம் வருகிறாளாம் என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அவற்றை விழுங்கினாள். அவர் எதிரே போய், வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, மகள் கேட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே கேட்டாள்.

ஆரோக்கியசாமி கிட்டாரை மடியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார். அது சரியாமல் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, மகளுக்குத் தானே பதில் சொல்ல, போனுக்காகக் கையை நீட்டினார்.